ஓரகத்தியின் வாசல்

என் ஓரகத்திக்கு வாசல் இருந்தது. எனக்கு மொட்டை மாடி இருந்தது. எங்களுக்குள் நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் சிலம்பக் கம்பு பிடித்தவர் இல்லை. கம்பு பிடித்தவளுக்குத் தன்னைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் முதல் கவலை.

பசுமலையில், குன்றுக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமனார் எழுமலைப் பக்கம் இருந்த புஞ்சைக் காட்டில் பாதியை விற்றுக் கட்டியது. தான் நல்லபடியாக இருக்கும்போதே மகன்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பாகம் பிரிப்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். கூறு போடுகிறவன் தனக்கென்று நல்லதை ஒதுக்கிக்கொள்ள முடியாது, ஏனென்றால் எது தன் கைக்கு வரும் என்று அவனுக்கே தெரியாது. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் யோசித்தவர்கள் என் ஓரகத்தியைப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் மூத்தவர். கீழ்வீடும் முன்வாசலும் ஒரு கூறு, மேல்வீடும் மொட்டை மாடியும் ஒரு கூறு என்று போட்டார். அப்படிப் போடச் சொன்னதே நான்தான். மாடியில் காற்று வரும், பிற்பாடு மேலே இன்னொரு வீடு எழுப்பலாம், அதனால் கொழுந்தன் மாடியைத்தான் எடுப்பார், வாசல் நமக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நல்ல அகலமான சிமெண்டு வாசல். கேட்டைச் சாத்திவிட்டால் நடுவில் ஒரு தடங்கல் கிடையாது. கொழுந்தன் தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்தாள். "கீழ்ப்பாகத்த நான் எடுத்துக்கிறேண்ணே" என்றார் அவர். முடிந்தது கதை.

அன்றைக்கு அது சின்ன எரிச்சல்தான். ஆனால் தினமும் வளர்கிற எரிச்சல். தபால்காரர் முதலில் அவளைப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அவளிடம் பேசிவிட்டுத்தான் படியேறுவார். என்னைப் பார்க்க வந்த என் சொந்தத் தங்கச்சியே, "இப்பத்தான் கீழ காபி குடிச்சேன், எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டு வருவாள். மார்கழியில் அவள் போடுகிற கோலத்தை மேலிருந்து எட்டிப்பார்ப்பேன். மேலிருந்து பார்க்கிறபோதுதான் கோலம் முழுதாகத் தெரியும், அது வேறு கொடுமை. நானும் படி முனையில் ஒரு கோலம் போடுவேன், முறத்தைக் கவிழ்த்தால் மூடிவிடும்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. பில் போடுகிற இடம் ஒரு பெட்டி. திரும்பினால் முழங்கை இடிக்கும். அதிலே வருடக்கணக்காக நின்று முழங்கால் போனது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குன்றின் அடிவாரத்துப் பொட்டலில் சில பெண்கள் சிலம்பம் பழகுவதைப் பார்த்தேன். சொல்லிக்கொடுப்பவள் கல்லூரி முடித்துக் கொஞ்ச நாளே ஆன பெண். எங்களை அக்கா என்பாள், நாங்கள் அவளை மாஸ்டர் என்போம். வயசு பார்ப்பதில்லை என்றாள். சேர்ந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. சமையல் வீட்டுக்கு, வேலை குடும்பத்துக்கு, கம்பு மட்டும் எனக்கு. இது எல்லாருக்கும் புரியாது, புரியாவிட்டால் போகட்டும்.

ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் வீட்டில்தான் பழக வேண்டும். எனக்கு வாய்த்தது மாடி. அந்த மாடியைப் பற்றிச் சொல்கிறேன், அப்போது தெரியும் என் வயிற்றெரிச்சல் எவ்வளவு நியாயமானது என்று. ஒரு மூலையில் தண்ணீர் டேங்க். இன்னொரு மூலையில் சோலார் ஹீட்டர், அதன் கண்ணாடிக் குழாயில் கம்பு பட்டால் என் கதி அவ்வளவுதான். தரையில் கணுக்கால் உயரத்துக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர்க் குழாய். இது போதாது என்று மாடி நெடுக இரும்புக் கம்பியில் துணி காயப்போடுகிற கொடிகள். வேலைக்குப் போகிறவள் என்பதால் முந்தின நாள் சாயங்காலமே துணியைத் துவைத்துப் போட்டுவிடுவேன். காலையில் கம்போடு ஏறினால் சட்டையும் வேட்டியும் போர்வையுமாக எதிரே நிற்கும்.

கம்பு நம் புருவத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தாள். இரண்டு கொடிக்கு நடுவில் அந்தக் கம்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் மாட்டியது. நான் என்ன செய்தேன், ஒரு சாண் வெட்டிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அதை வாங்கி என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். "அக்கா, கம்பு ஆளுக்கு அளவா, கொடிக்கு அளவா?" என்று கேட்டாள். பொட்டலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது சிரிப்பு வரும், ஓரகத்தி இன்னும் சேரவில்லை.

மாடியில் கம்பைச் சுழற்ற முடியாது. அதனால் நடுவில் பிடித்தேன். கை வழுக்கி முன்னே போகவும் பின்னே வரவும் பழகினேன். இரண்டு சட்டைக்கு நடுவில் உள்ள சந்தில் நேராகக் குத்துவேன். கம்பின் நுனி போய்த் துணி கிளிப்பைத் தொட வேண்டும், ஆனால் கொடி ஆடக்கூடாது. ஆடினால் தோற்றேன் என்று வைத்துக்கொண்டேன். தரைக் குழாய் இருந்ததால் காலைத் தூக்கித்தான் வைப்பேன், இழுக்க மாட்டேன். பின்னால் டேங்க் இருந்ததால் பின்வாங்குவது என்ற பேச்சே கிடையாது. இதையெல்லாம் நான் திறமை என்று நினைக்கவில்லை. இடமில்லாதவள் படுகிற பாடு என்றே நினைத்தேன்.

மறு வருடம் ஓரகத்தி வந்து நின்றாள். "நீங்க கம்புக்குப் போயிட்டு வந்தா மொகமே வேற மாதிரி இருக்குக்கா. நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். வாய் வாயேன் என்றது. மனசு வராதே என்றது. அவள் வாய் சொன்னதைத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கீழே அந்தச் சத்தம். நீளக் கம்பு முழு வட்டமாகச் சுற்றும்போது காற்றில் ஒரு உறுமல் எழும். என் கம்பு ஒருநாளும் அந்தச் சத்தம் போட்டதில்லை, போட இடமில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று பார்ப்பேன். வண்டிகளை ஒதுக்கி நிறுத்திவிட்டு, கேட்டிலிருந்து வீட்டு நிலை வரைக்கும் அந்த வாசல் முழுக்க அவள் ஆடுவாள். முன்னே நாலு எட்டு, பின்னே நாலு எட்டு, தலைக்கு மேலே ஒரு சுற்று. நன்றாக ஆடினாள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் மோசமாக ஆடியிருந்தால் எனக்கு ஏன் எரியப்போகிறது?

பொட்டலிலும் அவள் கம்புக்குத்தான் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்கூட நின்றார்கள். மாஸ்டர் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், வீச்சு என்றால் அந்த அக்கா மாதிரி வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நான்தான் முதலில் சேர்ந்தவள். நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனவள். என்னை யாரும் எதற்கும் காட்டிச் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஆனி மாதக் கடைசியில் மாஸ்டர் அதைச் சொன்னாள். மாவட்டப் போட்டியில் எங்கள் வயதுப் பெண்களுக்கும் தொடுமுறை வைக்கிறார்கள். தொடுமுறை என்றால், கம்பின் நுனியில் துணி சுற்றிக் காவிக் கரைசலில் நனைத்துக்கொள்வது. எதிராளியின் வெள்ளைச் சட்டையில் யார் அதிகம் பொட்டு வைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. சுண்ணாம்பால் வட்டம் போட்டிருப்பார்கள், காலை வெளியே வைத்தால் அதுவும் எதிராளிக்கு ஒரு பொட்டு. எங்கள் பொட்டலிலிருந்து ஒருவர்தான் போகலாம். நான் அல்லது என் ஓரகத்தி. ஆடிக் கடைசி ஞாயிறு இருவரும் மோதிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றாள்.

எனக்கு அந்த இடம் வேண்டும். இவ்வளவு வெறியாக நான் எதையும் வேண்டியதில்லை, கல்யாணத்துக்குக்கூட. வீட்டுக்கு வந்து கரண்டியைப் போட்டு உருட்டினேன். அவளுக்கு வாசல் இருக்கிறது, நான் கொடிக்குள் கிடந்து முட்டுகிறேன், இதில் எப்படி ஜெயிப்பது என்று கத்தினேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "நீதான கூறு போடச் சொன்ன." அதற்கப்புறம் அவருக்கு ரசம் ஊற்றவில்லை.

கேட்டால் தந்துவிடுவாள், அதுதான் பிரச்சினை. ஓரகத்தியிடம் போய் வாசலைக் கொஞ்ச நேரம் கொடு என்று நான் கேட்பதா? அவள், "எடுத்துக்கோங்கக்கா" என்று சொல்வதா? அப்புறம் ஜெயித்தாலும் அவள் கொடுத்த இடத்தில் பழகி ஜெயித்ததாகத்தானே ஆகும். இரண்டு நாள் யோசித்தேன். அப்போதுதான் அந்தப் பழைய வழக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

அவள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பொதுவாகப் பேச்செடுத்தேன். போட்டி என்று வந்தால் இருவருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இந்த ஆடி மாதம் மட்டும் பழகுகிற இடத்தைப் புதிதாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். அவள் துடைப்பத்தை ஓரமாக வைத்தாள்.

"அப்ப முறைப்படியே செய்வோம்க்கா. நீங்க மூத்தவுக, நீங்க கூறு போடுங்க. நான் எடுக்குறேன்."

இதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். படியிறங்கும்போதே கூறு போட்டு முடித்திருந்தேன். ஒரு கூறு, வாசல், காலையில் மட்டும், அதுவும் பால் வண்டி, பூக்காரம்மா, பள்ளிக்கூட வேன் எல்லாவற்றுக்கும் கேட்டைத் திறந்து விட வேண்டும். இன்னொரு கூறு, மாடி, காலை, சாயங்காலம் இரண்டு வேளையும், யாரும் எட்டிப்பார்க்காத இடம், நல்ல காற்று, சாவியையே கையில் கொடுத்துவிடுகிறேன். கம்புகள் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும், தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டாம். மாடியைப் பற்றி நான் பேசிய பேச்சில் எனக்கே மாடி மேல் ஆசை வந்துவிட்டது. கொடிகளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"மாடிதான்க்கா" என்றாள். யோசிக்கவே இல்லை.

விழுந்தாள் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரருக்கு அப்பளம்கூடப் பொரித்தேன்.

ஆடி முதல் காலை, அந்த வாசலில் அவளுடைய நீளக் கம்பை எடுத்து நான் போட்ட முதல் சுற்றை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். கம்பு உறுமியது. என் கையில், எனக்காக. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடிக்க ஒன்றுமில்லை, தட்ட ஒன்றுமில்லை. முன்னே ஓடினேன், பின்னே ஓடினேன். இதையெல்லாம் அவள் இத்தனை நாள் தனியாக அனுபவித்தாளே என்று அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் எரிந்தது.

வாசலில் பழகுகிறவளை ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். எதிர்வீட்டு அண்ணன் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார். பால் ஊற்றுகிறவர், "என்னக்கா, அண்ணன் என்ன தப்புப் பண்ணாரு?" என்று கேட்டார். சின்னதாக, ஒழுங்காக ஒரு குத்துக் குத்தினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தலைக்கு மேலே கம்பு சுற்றினால் ஆகா என்றார்கள். ஆகா என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு நாளுக்கு நாள் வட்டம் பெரிதாகியது. கேட்டைப் பார்த்தே ஆட ஆரம்பித்தேன். தபால்காரர் கடிதத்தை என் கையில் கொடுத்தார். கொழுந்தனைத் தேடி வந்த யாரோ என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இந்த வீட்டு அக்கா என்று நினைத்துப் பேசிவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை.

மேலே சத்தமே இல்லை. முதல் வாரம் துணி எடுக்கப் போனால் வீட்டுக்காரரின் சட்டையெல்லாம் காவிப் பொட்டு. நுனியை நனைத்துக்கொண்டு பழகுகிறாள், கொடியைச் சமாளிக்க முடியவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வெளியே மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சட்டையைத் துவைப்பது யார் என்று கேட்டேன். "மன்னிச்சுக்கோங்கக்கா, இனிமே படாது" என்றாள். அடுத்த வாரம் பொட்டு குறைந்தது. அதற்கடுத்த வாரம் சட்டைகள் வெள்ளை வெளேரென்று இறங்கின. கைவிட்டுவிட்டாள், பழகுவதே இல்லை என்று முடிவு கட்டினேன். துணி கிளிப்புகள் எல்லாம் நுனியில் சிவந்திருந்ததைப் பார்த்தேன்தான். துரு என்று நினைத்தேன். பிளாஸ்டிக் கிளிப்பில் ஏதடி துரு என்று என்னைக் கேட்க ஆளில்லை.

ஆடிக் கடைசி ஞாயிறு. பொட்டலில் அந்த மாதக் காற்று செம்மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆனது. இவ்வளவு சின்ன வட்டமா? என் வாசலில் பாதிகூட வராது. என் வாசல் என்றுதான் மனசில் வந்தது.

இருவரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தோம். மாஸ்டர் ஒரே அளவாக இரண்டு கம்பு கொடுத்தாள். விசில் ஊதியதும் நான் பெரிதாக ஒரு வீச்சு வீசினேன். அவள் தோளில் பட்டது. பொட்டு. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பூக்காரம்மா சொன்ன அதே ஆகா. அந்தச் சத்தம் தலைக்கேறியது.

அவள் வீசவில்லை. கம்பை நடுவில் பிடித்திருந்தாள். நான் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவரும் நேரத்துக்குள் அவள் கை வழுக்கி முன்னே வந்தது, நுனி என் விலாவைத் தொட்டது, திரும்பிப் போனது. அடிக்கவில்லை, தொட்டாள். அடுத்த வீச்சுக்கு இடம் எடுக்கலாம் என்று பின்னே ஓடினேன், நாலு எட்டு, வாசலில் ஓடுவதுபோல. விசில் ஊதியது. என் குதிகால் சுண்ணாம்புக்கு வெளியே இருந்தது. மறுபடி நின்றோம். மறுபடி பின்னே போனேன். மறுபடி விசில். அவள் ஒரு தடவைகூடப் பின்வாங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் நிற்கிறது என்பதுபோலவே நின்றாள். காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள், இல்லாத குழாயைத் தாண்டி. கடைசியில் நுனி என் கழுத்தெலும்புக்குக் கீழே வந்து நின்றது. சட்டைப் பொத்தான் இருக்கிற இடம். கொடியில் நான் வருடக்கணக்காகக் கிளிப்பைக் குறி பார்த்த அதே உயரம்.

அது என் குத்து. அவளுடையது இல்லை. பொறாமை என்றால் அடுத்தவளிடம் இருக்கிறதைப் பார்த்து எரிவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நம்மிடம் இருந்ததையே அடுத்தவளிடம் பார்த்து எரிவது இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் மற்றதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவள் பெயரை மாஸ்டர் எழுதிக்கொண்டாள். நான் காறித் துப்பினேன், வாயில் மண் போயிருந்தது என்று சொன்னேன். மண்ணும் போயிருந்தது.

வீட்டுக்கு ஒரே ஆட்டோவில்தான் வந்தோம். நான் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். விலாவில் இருந்தது போனது, கழுத்துக்குக் கீழே இருந்தது போகவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். ஆடி முடிந்தால் மாடி மறுபடி என்னுடையது, அந்த நினைப்பு ஒன்றுதான் ஆறுதல். கிளிப்பை எடுத்தால் நுனியெல்லாம் காவி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் படியேறி வந்தாள். கையில் மாடிச் சாவி. கொடுக்க வந்தவள் கொடுக்காமல் நின்றாள். மாவட்டப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாள்.

"அக்கா, வாசலை நீங்களே வச்சுக்கோங்க. போட்டி வரைக்கும் மட்டுமில்ல, எப்பவும். வீட்டுல நான் சொல்லிக்கிறேன். எனக்கு இந்த மாடிய மட்டும் விடுங்க."

இத்தனை வருடம் நான் பொருமிய வாசல், கேட்காமலே வருகிறது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு அகலமான வாசலை இப்படித் தூக்கிக் கொடுக்கிறாள் என்றால், இந்தக் கொடிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு யோசிக்காமல் ஏன் மாடியை எடுத்தாய் என்று கேட்டேன்.

"கீழ இருந்து அண்ணாந்து பாத்தா உங்க ஆளு தெரியாதுக்கா. துணிக்கு நடுவுல கம்பு நுனி மட்டும் வந்து வந்து போகும். துணி அசையாது. நான் அம்புட்டு பெருசா சுத்துனாலும் என் கண்ணு மேலதான் இருக்கும். எனக்கு எம்புட்டு எரிஞ்சிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

தெரியாது என்கிறாள் என்னிடம். நான் மேலே நின்று அவளைப் பார்த்து எரிந்த அதே காலையில் அவள் கீழே நின்று என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். அதில் ஒரு வித்தியாசம், அவள் எரிந்துகொண்டே கவனமாகப் பார்த்திருக்கிறாள். நான் எரிய மட்டும் செய்தேன்.

வாசலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மாடி என்னுடையது, சாவியைக் கொடு என்றேன். கொடுத்தாள். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப நீங்களாவது எதுக்க நில்லுங்கக்கா. துணிய எத்தன நாள் தொடுறது? துணி திருப்பித் தொடாதுல்ல."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் கண் டேங்க் ஓரமாகப் போனது. அங்கே என் கம்பு சாய்ந்திருந்தது, ஒரு சாண் வெட்டிய என் கம்பு. ஒரு மாதமாக அவள் கை பட்டு நடுவில் பளபளவென்று ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போனது. நுனித் துணியைக் காவியில் முக்கினேன். போய் நில் என்றேன்.

அவள் கீழே போய்த் தன் கம்பைக் கொண்டுவந்து, கொடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நடுவில் நான் சற்றுமுன் போட்ட வெள்ளைச் சட்டை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வேட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை அகலச் சந்து. அவள் முழங்காலை மடக்கி, பொட்டலில் நின்றதுபோலவே நின்றாள். ஆனால் பொட்டலில் தோற்ற நான் வாசல்காரி. இங்கே இந்தக் குழாயில் எத்தனை வருடம் கால் தடுக்கியிருக்கிறேன், இந்தக் கொடி எந்த இடத்தில் தொய்யும், எந்த இடத்தில் விறைப்பாக இருக்கும், எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் அவளுக்கு எவ்வளவு தெரிந்துவிடும்?

என் கை வழுக்கி முன்னே போனது. அவள் தொண்டைக்குழிக்குக் கீழே பொட்டு விழுந்தது. கிளிப் அசையவில்லை. அவள் கம்பு இன்னும் பாதி வழியில் இருந்தது.

அவள் குனிந்து பொட்டைப் பார்த்தாள். அதே சட்டைதான் போட்டிருந்தாள், காலையில் ஜெயித்த சட்டை. வலித்ததா என்று நான் கேட்கவில்லை.

"இன்னொருக்கா வாங்கக்கா" என்றாள்.

போனேன். அன்றிலிருந்து தினமும் போகிறேன். மாவட்டத்துக்கு அவள்தான் போகிறாள், பேனரில் அவள் பெயர்தான் போடப்போகிறார்கள், அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை. ஆனால் இந்த மாடியில் அவள் இன்னும் என்னைத் தொடவில்லை.